கையைத் தூக்கு, சரோஜா

கையைத் தூக்கிய விதத்தைப் பார்த்துத்தான் அவளை அடையாளம் கண்டேன்.

மதியம் மூன்று மணி. புனேயில் ஹடப்சரைத் தாண்டி ஒரு பெரிய மைதானம், ராக் கச்சேரி. பெண்கள் வாசலில் நான் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். ரசிகைகளுக்குக் கையைத் தூக்கத் தெரியாது. ஒரு கையில் போன் இருக்கும், மறு கை தலைமுடியைச் சரிசெய்யும். கூச்சம் வேறு, நெளிவார்கள். ஒவ்வொருத்திக்கும் நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும்.

இந்தப் பெண்மணி வந்தாள். கால்களை ஒரு அடி அகலத்துக்கு விரித்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் விரிந்து, கண் தகரக் கூரைமேல். அப்படிக் கையைத் தூக்குகிறவர்கள் இந்த ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் தயாராகிறார்கள். முகத்தைப் பார்த்தேன்.

சரோஜா. பதினேழு வருஷமாக என்னோடு பேசாதவள்.

கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தாள். அதில் ஒரு மண்டை ஓடு, அதன் கண் வழியாக ஒரு பாம்பு. தலையில் முடி ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு காலத்தில் இடுப்புக்குக் கீழே தொங்கின சடை அவளுடையது. இடது கை மட்டும் முழுசாக ஏறவில்லை, பாதியில் நின்றது.

என்னைத் தெரிந்துகொண்டாள் என்பது கண் கூரையைவிட்டு இறங்காததிலேயே தெரிந்தது. என் கை வழக்கம்போல வலது பக்கம் இறங்கி, இடது பக்கம் ஏறியது. அங்கே நின்றுவிட்டது. உடுப்புக்குள் ஒரு பை. எடையுள்ள பை. உள்ளே மணி மணியாக ஏதோ.

அவள் கொஞ்சம் அப்படியே நிற்கட்டும். அவளுக்கு நின்று பழக்கம்தான். என் கை ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீப்பெட்டி ஒன்று, குச்சி பதினெட்டு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: வெடிமருந்து செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் நான் லேடி சர்ச்சர். வேலைக்கு வரும் பெண்களை வாசலில் சோதிக்க வேண்டும். காலையில் உள்ளே போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளியே வரும்போது ஒரு தடவை. உள்ளே தீப்பெட்டி போகக்கூடாது, வெளியே மருந்து வரக்கூடாது. அவ்வளவுதான் உத்தியோகம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா “செக்யூரிட்டி டிபார்ட்மென்ட்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சரோஜா பை தைக்கும் பிரிவு. மருந்தை அளந்து போடுகிற சின்னத் துணிப்பைகள். தைத்து, நிரப்பி, எடை பார்த்து, வாயை மூடித் தைப்பார்கள். ஒரு மணி சிந்தக்கூடாது என்பதால் இரட்டைத் தையல். அந்தப் பிரிவிலேயே சரோஜாவின் தையல் பேர்போனது.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ஏரவாடாவில் ஒரே சந்து. ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம், மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அவள் கொண்டுவருவது புளிசாதம், நான் கொண்டுபோவது சப்பாத்தி. என் சப்பாத்தியைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது.

ஓர் ஆடி வெள்ளி. காலையில் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு நேரே வேலைக்கு வந்தாள். முந்தானை முடிச்சில் தீப்பெட்டி. என் கை பட்டதும் அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

“மல்லி, மறந்துட்டேன்டி. கீழ போட்டுடு” என்றாள், வாய் அசையாமல்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பெண்கள். நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். பெயர், டோக்கன் நம்பர், பொருள், எண்ணிக்கை. தீப்பெட்டி ஒன்று, குச்சி பதினெட்டு. குச்சியை எண்ணித்தான் எழுதினேன்.

மூன்று மாதம் சஸ்பென்ஷன். அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பிரமோஷன் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் போயிற்று.

எழுதினது சரி. இன்றைக்கு அந்த முடிச்சு என் கையில் பட்டாலும் எழுதுவேன். ஒரு குச்சி உரசினால் அந்தப் பிரிவே இருக்காது, அதில் சரோஜாவும் இருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் “மனசுல வெச்சுக்காதடி” என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. தப்புப் பண்ணினவள் அவள், அவளே வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு.

திரும்பி வேலைக்கு வந்தாள். வாசலில் கையைத் தூக்கினாள், கண்ணைக் கூரைமேல் வைத்தாள். நான் ரிடையர் ஆகிறவரை பதினோரு வருஷம், நாளுக்கு இரண்டு தடவை அவளைத் தொட்டேன். ஒரு வார்த்தை கிடையாது. அவள் இளைத்ததும் பெருத்ததும் எனக்குத்தான் முதலில் தெரியும். ஒரு நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. ‘காய்ச்சலடிக்குதுடி, திரும்பிப் போ’ என்பது தொண்டைவரை வந்தது. “நெக்ஸ்ட்” என்றேன்.

அப்புறம் நான் ரிடையர் ஆனேன். அவர்கள் விஷ்ராந்த்வாடி பக்கம் வீடு மாறிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் தகவலே இல்லை.

பாட்டைத் திருடிக்கொண்டா போகிறார்கள்?

அறுபத்தாறு வயதில் ராக் கச்சேரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் சந்து முனையில் ஷிண்டே என்று ஒரு முன்னாள் ராணுவ ஹவில்தார். மராத்திக்காரர், என்னை ‘மௌஷி’, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார். பெரிய நிகழ்ச்சிகளுக்குக் காவல் ஆட்களைக் கூட்டிப் போவது அவர் தொழில். பெண்களைச் சோதிக்க அனுபவமுள்ள ஆள் கிடைப்பதில்லை என்று ஒரு நாள் புலம்பினார். என்னிடம் முப்பத்தோரு வருஷ அனுபவம் வீட்டில் சும்மா கிடந்தது.

முதல் கச்சேரியில் நான் செய்த காரியங்களை ஷிண்டே இன்னும் எல்லோரிடமும் சொல்கிறார். எல்லோர் செருப்பையும் கழற்றச் சொன்னேன். கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னேன். ஹேர்பின், சீப்பு, சேஃப்டி பின் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, பெயர் போட்டுச் சீட்டு எழுதினேன். வரிசை ரோடுவரை போய்விட்டது. ஷிண்டே ஓடிவந்து, “மௌஷி, இது ஃபேக்டரி இல்லை, இவர்கள் காசு கொடுத்து வருகிறவர்கள்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அதோடு விட்டேனா? முதல் கூட்டம் வெளியே வர ஆரம்பித்ததும், வெளி வாசலில் போய் நின்று மறுபடியும் சோதித்தேன். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது சோதனை உண்டு என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். ஏழெட்டுப் பெண்கள் ஒன்றும் கேட்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், பாவம். ஷிண்டே மறுபடியும் ஓடிவந்தார். “மௌஷி, என்னத்தைத் தேடுகிறீர்கள்? பாட்டைத் திருடிக்கொண்டா போகிறார்கள்?” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

ரசிகைகளும் அவர்களுடைய மறைவிடங்களும்

இப்போது பழகிவிட்டது. புனே பெண்கள் ஸ்கூட்டரில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கட்டுகிற துப்பட்டா இருக்கிறதே, அதற்குள் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாமானை ஒளிக்கலாம். முகப்பூச்சுக் குழாய்க்குள் சரக்கு. ஜாக்கெட் பைக்குள் எண்ணெய் ஊறிய சாபுதானா வடை, ஜவ்வரிசியில் செய்தது, நாலு. ஒருத்தி வயிற்றில் காகிதத்தை மடித்துக் கட்டியிருந்தாள். பிரித்தால் ஆறடி நீளத்துக்கு, பாடகனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம். காகிதம் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை, அதனால் அதே மடிப்பில் மடித்துக் கொடுத்தேன்.

முன்வரிசைக் கம்பியைப் பிடிக்க வருகிற கூட்டம் தனி ஜாதி. காலை ஏழு மணிக்கே வந்து வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் இடம் போய்விடும். ஒருத்தியைத் தடவும்போது உள்ளே சரசரவென்று சத்தம். பெரியவர்களுக்கு விற்கிற டயப்பர். முகத்தைப் பார்த்தேன், காலேஜ் பெண். அவளும் என்னைப் பார்த்தாள். போகச் சொன்னேன்.

இதெல்லாம் வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் என் கை. விலா எலும்பில் கை வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது தெரியும். ஃபேக்டரியில் அப்படி அடித்துக்கொண்டால் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இங்கே ஒன்றுமே ஒளிக்காத பெண்ணுக்கும் அப்படித்தான் அடிக்கிறது. உள்ளே சவுண்ட் சரிபார்க்க ஒருத்தன் டிரம்மில் ஒரு தட்டு தட்டுவான், வரிசை முழுக்கக் கத்தும். என் கைக்குக் கீழே இருக்கிற உடம்பு அப்படியே ஒரு இஞ்ச் எம்பும்.

சரோஜாவின் நெஞ்சும் அன்று அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. கச்சேரிக்காகவா, என்னைப் பார்த்ததாலா, அந்தப் பைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

பை

“இது என்னா?” என்று கேட்டேன். பதினேழு வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

கண் இன்னும் கூரைமேல்தான்.

துணிக்கு மேலேயே விரலை ஓட்டினேன். ஓரத்தில் இரட்டைத் தையல் தட்டுப்பட்டது. அளந்து நிரப்பி, வாய் மூடித் தைத்த பை. முப்பத்தோரு வருஷம் இந்தப் பையைத் தேடித்தான் சம்பளம் வாங்கினேன். அப்போது ஒரு தடவைகூடக் கிடைக்காத பை, இங்கே, இத்தனை ஆயிரம் பேர் கூடுகிற மைதானத்தின் வாசலில், சரோஜாவின் சட்டைக்குள் இருந்தது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் அவள் மகள் தீபா. ஐ.டி. கம்பெனியில் வேலை. சின்ன வயதில் என் மடியில் வளர்ந்த குழந்தை, இந்தக் காவல் உடுப்பில் என்னை அடையாளம் தெரியவில்லை. “ஆன்ட்டி, அம்மாக்கு என்ன ஆச்சு? குச் ப்ராப்ளம் ஹை க்யா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன். சரோஜாவிடம், “உள்ள வா” என்றேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிற துணி மறைப்புக்குள் கூட்டிப்போக வேண்டும். அது விதி.

மறைப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன். அவள் உட்காரவில்லை. டீ-ஷர்ட்டுக்குள் கையை விட்டு, பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“கடுகு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பை வெளியே வந்ததும் இடது மார்பு இருந்த இடத்தில் மண்டை ஓடு சப்பையாகத் தொங்கியது. அப்போதுதான் புரிந்தது.

“எடுத்துட்டாங்க. நாலு வருஷம் ஆவுது” என்றாள். “கடையில விக்கிறது வேர்த்து ஊத்துது. பஞ்சு வெச்சா எடையில்ல, தோளு ஒரு பக்கமா இழுக்குது. கடுகுதான் சரியா வந்துச்சு. எடை போட்டுத்தான் தெச்சேன்.”

பருத்தித் துணி, இரட்டைத் தையல், ஒரு மணி சிந்தவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் கைதான் அவள் காய்ச்சலை முதலில் கண்டுபிடித்த கை. இது நடந்ததுகூடத் தெரியாமல், அதே ஊரில், ஒரு பஸ் தூரத்தில், ரேஷன் வாங்கி, சீரியல் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“எனக்கு யாரும் சொல்லலடி” என்றேன்.

“சொல்ற மாதிரியா நீ வெச்சிருந்த?”

வெளியே ஷிண்டே குரல் கொடுத்தார். “மௌஷி! உள்ளே என்ன? ஏதாவது கிடைத்ததா?”

விதிப்படி பார்த்தால் கடுகு வெளிச்சாமான், தின்னும் பொருள், அனுமதி இல்லை. என்னிடம் சிக்கிய எதையும் நான் அதுவரை எழுதாமல் விட்டதில்லை, சொல்லாமல் விட்டதில்லை. “ஒன்றும் இல்லை” என்று மராத்தியில் கத்தினேன்.

சரோஜா என்னைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கண் கூரையைவிட்டு இறங்கியது. “இத அன்னைக்குச் சொல்ல உனக்கு வாய் வரல” என்றாள்.

“அன்னைக்கு எழுதுனது தப்பில்லடி. ஆனா அப்புறம் வந்து உங்கிட்ட பேசாதது தப்பு. பெரிய தப்பு. அத எழுத அந்த ரெஜிஸ்டர்ல எடமில்ல, நானும் வாயைத் தொறக்கல.”

“எழுதுனது தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்? தெனம் ரெண்டு வேளை உன் எதிர்ல கையத் தூக்கிட்டு நின்னேனே. என்னிக்காச்சும் நீ ஒரு வார்த்த பேசுவியான்னுதான நின்னேன்.”

அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீ போனப்புறம் வந்தவ மெஷின வெச்சுத்தான் சோதிப்பா. மேல கையே படாது. மெஷினு கடுகையும் காட்டாது, கட்டியையும் காட்டாது” என்றாள். “முத்திப்போயிதான் தெரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரியில படுத்துகினு நெனச்சேன், மல்லி இருந்திருந்தா மொத மாசமே புடிச்சிருப்பான்னு.”

பையை அவள் கையில் கொடுத்தேன். அவள் திரும்பி நின்று வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். இடது பக்கம் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். பாம்பும் மண்டை ஓடும் நேரே வந்தன.

“நீ எங்கடி இந்தக் காட்டுக் கத்தலுக்கு?” என்று அப்போதுதான் கேட்டேன்.

“மருந்து ஏத்துனாங்களே, அப்ப தீபா இவனுங்க பாட்ட காதுல மாட்டிவிட்டா. மொதல்ல தலவலி. அப்புறம் பார்த்தா, இவனுங்க கத்துற கத்துல வேற ஒண்ணுமே நெனக்க முடியல. அது போதும்னு இருந்துச்சு. ஆறு தடவ ஏத்துனாங்க, ஆறு தடவையும் இவனுங்கதான் கூட இருந்தானுங்க” என்றாள். “வுடு, நேரமாவுது. முன்னாடி எடம் போயிடும்.”

மேடைக்கு முதுகு

வாசல் வேலை முடிந்ததும் என்னை முன்வரிசைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். காவல்காரர்கள் மேடையைப் பார்க்கக்கூடாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏழு ராக் கச்சேரிகளில் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு பாடகன் முகமும் எனக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் ரசிகர்களைத்தான்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே சரோஜா சொன்ன அந்தக் குழு மேடை ஏறியது. முதல் அடி விழுந்ததும் என் முதுகெலும்பு அதிர்ந்தது, காதில் வைத்த பஞ்சு எழுந்து வெளியே வந்தது. எதிரே மொத்தக் கூட்டமும் முன்னால் நெருக்கியது. கம்பியில் நசுங்கின ஒரு பெண்ணைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கி, தண்ணீர் கொடுத்தோம். குடித்ததும் “என் இடம்!” என்று அழுதாள், மறுபடியும் அந்தப் பக்கம் ஏற்றிவிட்டோம். முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர்க் குவளையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் ஒரு சீட்டுக்குக் கொலை விழுகிற ஊர் இது.

அப்புறம் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். யாரும் சொல்லாமல், ஆயிரக்கணக்கில். எனக்கு அதுதான் வேடிக்கை. வாசலில் அந்தக் கையைத் தூக்கவைக்க என் உயிர் போயிற்று.

கூட்டத்தில் நாலாவது வரிசையில் சரோஜா தெரிந்தாள். வலது கை மேலே நின்றது. இடது கை ஏறவில்லை. வலது கையை இறக்கி, இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். நின்றது. வாயைத் திறந்து கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை. புளிசாதம் கொண்டுவருகிற, வாய் அசையாமல் பேசுகிற சரோஜா அப்படி ஒரு வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. பதிலுக்கு நானும் கத்தினேன். ஷிண்டே திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்வதுபோலச் செய்தேன்.

வெளியே போகும் வழி

கடைசிக் குழுவுக்கு அவள் நிற்கவில்லை. நின்றால் கால் வீங்கும். வெளிச்சம் மங்குவதற்குள் தீபாவோடு வெளி வாசலுக்கு வந்தாள். நானும் அங்கே மாறியிருந்தேன். வழி காட்டுகிற வேலை, வேறொன்றுமில்லை.

என் எதிரே வந்து நின்றாள். காலை ஒரு அடிக்கு விரித்தாள். கைகளை நீட்டினாள்.

“இங்க வெளிய போறப்ப சோதன இல்லடி” என்றேன்.

“எனக்கு உண்டு. பாரு.”

தீபா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் இதுவும் ஒரு சோதனை போலிருக்கிறது என்று வரிசையில் நின்றார்கள். நான் பார்த்தேன். வாசலில் பார்த்ததுபோல ஒப்புக்கு இல்லை, நிதானமாக. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை, இடது அக்குள், அப்புறம் வலது பக்கம் முழுக்க. ஓரம் விடாமல், விரல் நுனியால்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

கையை இறக்கினாள். விஷ்ராந்த்வாடியில் எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி என்று சொன்னாள். லிஃப்ட் வேலை செய்யாது என்றும் சொன்னாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளை டாக்டர் பார்க்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கிறேன். மூன்று மாடி ஏறிப் போனதும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஹாலில் கையைத் தூக்கி நிற்பாள். பார்த்து முடித்ததும் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி என் கையெழுத்தைப் போடுவேன். அப்புறம்தான் சாப்பாடு. புளிசாதம் அவளுடையது, சப்பாத்தி நான் கொண்டுபோவது.